தினமும் 80 கிலோமீட்டருக்கு எந்தச் செயின் ஆயிலர்?

வணக்கம் நண்பரே. 150 சிசி வண்டி, மூடியில்லாத செயின், தினமும் 80 கிலோமீட்டர். வண்டி ஓடும்போதே செயினில் ஆயில் சொட்டவிடும் செயின் ஆயிலரில், கையால் திறந்து மூடும் குழாய் வைத்ததா, இன்ஜின் உறிஞ்சலில் இயங்கும் வேக்குவம் ஆயிலரா என்று கேட்டிருக்கிறீர்கள். வேக்குவமே வாங்குங்கள்.

இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் ஒரு ஹோஸ் மூலம் அதை இணைப்பார்கள். அந்த உறிஞ்சலால் இன்ஜின் ஓடும்போதுதான் அதன் வால்வு திறக்கும், நிறுத்தினால் தானே மூடிக்கொள்ளும். நான் முதலில் குழாய் வகைதான் மாட்டினேன். ஒரு நாள் ஆபீஸ் அவசரத்தில் மூட மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பின் டயர் ஓரமெல்லாம் ஆயில். அப்படியே ஒரு வளைவில் சாய்த்திருந்தால் விழுந்திருப்பேன்.

நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டுப் போதும். வெயில் காலத்தில் ஆயில் இளகி வேகமாக இறங்கும், அப்போது குறைத்து வையுங்கள். ஆயில் சொட்டும் முனை, செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் அடிப்பக்கத்தில், பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும்.

எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டி என்றால், ஆயிலரை இணைக்க பிரஷர் சென்சாருக்குப் போகும் ஹோஸில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். இன்டேக்கில் வேறு இடம் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மாட்டிய முதல் வாரம் தினமும் காலையில் கிளம்பும் முன் டயர் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் சொட்டைக் குறைக்க வேண்டும்.