குதிரை இல்லாமலே குதிரைக் கிளப்பில் சேரலாம்

ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மகளுக்கு ஒன்பது வயது, கூடப் படிக்கும் பெண் ஃபோர்-எச் என்ற அமெரிக்கச் சிறுவர் அமைப்பின் குதிரைக் கிளப்பில் இருப்பதைப் பார்த்துத் தானும் சேரணும் என்று அடம்பிடிக்கிறாள், குதிரை வாங்கணுமா, விசா இடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி.

முதல் வருடம் குதிரை வாங்கவே வாங்காதீர்கள். சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகளுக்கென்றே ஒஹாயோவில் 'ஹார்ஸ்லெஸ் ஹார்ஸ்' என்று ஒரு ப்ராஜெக்ட், அதாவது பிள்ளை அந்த வருடம் எடுத்துச் செய்யும் பாடம், இருக்கிறது. குதிரை இனங்கள், உடலமைப்பு, தீவனம், பராமரிப்பு எல்லாம் புத்தகத்தை வைத்துப் படிக்கலாம். குதிரை வினாடி வினாப் போட்டியும் உண்டு. அதற்கும் குதிரை வேண்டாம். படிப்பு சம்பந்தப்பட்டதென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்! ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் அப்புறம் யோசிக்கலாம்.

வயதில் சிக்கல் இல்லை. ஜனவரி 1 அன்று எட்டு வயதாகி மூன்றாம் வகுப்பில் இருக்க வேண்டும். ஒன்பது ஆகிவிட்டால் வகுப்பைப் பார்ப்பதில்லை. அதைவிடச் சின்னவர்கள் க்ளோவர்பட் பிரிவு, அவர்களுக்குப் போட்டி கிடையாது. விசாவும் பிரச்சினையில்லை, எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குக் கொடுப்பது) இருக்கும் பிள்ளைகள் தாராளமாகச் சேரலாம். பதிவில் இனம், வசிப்பது பண்ணையா நகரமா என்றெல்லாம் கேட்பார்கள். அரசுப் பணத்தில் நடப்பதால் எடுக்கும் கணக்கு அது, பயப்பட வேண்டாம். ஃபோர்-எச்சை நடத்தும் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்டென்ஷன் அலுவலகம் ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. போன் போட்டால் பக்கத்துக் கிளப் எதுவென்று சொல்வார்கள். கடைசித் தேதி கவுண்டிக்குக் கவுண்டி மாறும், அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். உடல்நலப் படிவம், நடத்தை விதிகள் இரண்டிலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

ஏறி ஓட்டுவதென்றால் ஹெல்மெட்டில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். உள்ளே ஏஎஸ்டிஎம், எஸ்இஐ என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்க வேண்டும், குதிரை மேல் இருக்கும்வரை வார் மாட்டியிருக்க வேண்டும். சைக்கிள் ஹெல்மெட் செல்லாது. பழைய ஹெல்மெட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது, ஆனால் காப்பாற்றாது. பூட்ஸுக்குக் குதிகால் வேண்டும், இல்லையென்றால் கால் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். பூட்ஸைப் பழையதாகவே வாங்குங்கள், பிள்ளைகளின் கால் சீக்கிரம் வளர்ந்துவிடும்.

வாங்குவதற்கும் சும்மா இருப்பதற்கும் நடுவில் லீஸ் இருக்கிறது. லாயத்துக்காரரிடமோ தெரிந்த குடும்பத்திடமோ குதிரையை எழுத்துமூலம் எடுத்து, அந்த வருடத்து ப்ராஜெக்ட் குதிரையாகப் பதியலாம். பொதுவாக ஜூன் 1-க்குள் காகிதம் போய்ச்சேர வேண்டும், சில கவுண்டிகளில் இன்னும் முன்னதாகவே. காயடிக்காத வளர்ந்த ஆண் குதிரைக்கு அனுமதி இல்லை. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டப் பழகுவது மட்டும் ப்ராஜெக்ட் ஆகாது. தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, சாணி அள்ளுவது எல்லாம் பிள்ளைதான் செய்ய வேண்டும். லீஸ் தொகையோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வரவேண்டும், தடுப்பூசி வேறு. எந்தச் செலவு யார் தலையில் என்று லீஸ் தாளிலேயே எழுதி வாங்குங்கள்.

கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் உங்கள் வேலைதான். கிளப்பில் பொறுப்பெடுத்து உதவ நினைத்தால் கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனை முடிக்க வேண்டும். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதற்கு அதெல்லாம் தேவையில்லை.