கிணற்றுத் தண்ணியில ஒக்டோபஸ் நிக்காது

தம்பி, கிணற்றுத் தண்ணியில கறியுப்புக் கரைச்சு விட்ட ஒக்டோபஸ் மறுநாளே செத்துப்போச்செண்டு எழுதியிருந்தீங்கள். வாசிக்கவே கவலையாக் கிடந்தது. கறியுப்புத் தண்ணி கடல்தண்ணி ஆகாது. அதோட எங்கட யாழ்ப்பாணக் கிணறு கனக்கத்தில நைத்திரேற்று கூட. மீன்தொட்டிக்கெண்டே விக்கிற கடலுப்பை வாங்கி ஆர்.ஓ. தண்ணியில (சவ்வால வடிச்சு உப்பெடுத்த தண்ணி) கரையுங்கோ. களப்புத் தண்ணி அள்ளாதேங்கோ, மாரி மழைக்கு உப்பு இறங்கிப்போகும். பில்டரோட தொட்டி ஆறேழு கிழமையாவது ஓடட்டும்; கழிவால வாற நஞ்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் ஒக்டோபஸ். செம்பு துளியும் ஆகாது, சில மீன் மருந்திலயும் இருக்கு. மூடியை இறுக்கிக் கொளுவுங்கோ: எலும்பில்லாத உடம்பு, வாயில இருக்கிற கெட்டியான சொண்டு நுழையிற ஓட்டையால முழுசா வெளிய வந்திடும். உடம்பில நீல வளையம் தெரிஞ்சால் தொடவே வேண்டாம், அதின்ர கடி ஆளைக் கொல்லும்.