இறக்கத்தில் மட்டும் எரியும் பிரேக் விளக்கு

வணக்கம் நண்பரே. வத்தல்மலையில் இறங்கும்போது ஜீப்பில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது, தர்மபுரி வந்து சமதரையில் ஓட்டினால் அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் சுவிட்ச் என்று மெக்கானிக் சொன்னதை நான் அவ்வளவாக நம்பவில்லை. அதுவாக இருந்தால் குண்டுகுழியில் குலுங்கும்போதும் மினுக்கும்.

பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அநேகமாக ஆயில் 'MIN' என்ற குறைந்தபட்ச அளவுக் கோட்டை ஒட்டி நிற்கும். வண்டி மூக்கைக் கவிழ்த்ததும் ஆயில் முன்னால் ஓடுகிறது, உள்ளே இருக்கும் மிதவை இறங்குகிறது, விளக்கு எரிகிறது.

உடனே ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். அது ஏன் குறைந்தது என்பதுதான் கேள்வி. பிரேக் பேடு, அதாவது சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பிடிக்கும் கட்டை, தேயத் தேய அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். சேற்றில் ஓடும் வண்டிக்குப் பேடு சீக்கிரமே தேயும். மூன்று மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் மாற்றிவிடுங்கள். பேடு நன்றாக இருந்தால் கசிவுதான். பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நான் ஒருமுறை அதைச் சேறு என்று நினைத்துக் கழுவிவிட்டு, தொப்பூர் கணவாயில் பெடல் பாதிவரை இறங்கியபோதுதான் முழித்தேன்.

ஊற்றும் ஆயில், வண்டியில் இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் டாட் (DOT, பிரேக் ஆயிலின் வகை) எண்ணாகவே இருக்கட்டும், சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். கசிவு இருந்தால் மலை ஏற வேண்டாம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் ஒர்க்‌ஷாப்புக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.