வாசகர் கேள்வி பதில்: யூப்பிக் பொம்மை வாங்கலாமா?

கிருஷ்ணகிரி வாசகி ஒருவர்: ஆண்டுதோறும் கொலு வைக்கும் வீடு எங்களுடையது. அலாஸ்காவில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள யூப்பிக் மக்கள் கையால் செய்த பொம்மை ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். விலையைக் கேட்டதும் தயங்கினேன். சிறுமிகளின் விளையாட்டுப் பொருளுக்கு அவ்வளவு விலை தகுமா?

பதில்: தகும், ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். யூப்பிக் மக்கள் அலாஸ்காவின் தென்மேற்கில், யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்திலும் பெரிங் கடலோரத்திலும் வாழ்பவர்கள். மரங்கள் அரிதான அந்தச் சமவெளியில், ஆற்றிலும் கடலிலும் அடித்து வரப்பட்ட கட்டைகளையும் வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தையும் செதுக்கிப் பொம்மை செய்தார்கள். பழைய மரப் பொம்மைகளில் வாய்க்கோடு கீழ்நோக்கி வளைந்திருந்தால் பெண், மேல்நோக்கி வளைந்திருந்தால் ஆண். குவின்ஹாகாக் ஊருக்கு அருகே நுனால்லெக் என்னுமிடத்தில் 2009 முதல் நடந்த அகழாய்வில், உறைமண்ணுக்குள் கெடாமல் கிடந்த பொருள்களோடு மரப் பொம்மைகளும் வெளிவந்தன.

நம் கொலுப் பொம்மைக்கு முகத்தில் கண் திறக்கும் கைதான் பெரிய கை. யூப்பிக் பொம்மைக்கோ உடை தைத்த கைதான் பெரிய கை என்பது என் கருத்து. பொம்மைக்கு உடை தைத்துத்தான் சிறுமிகள் தோல் தையலைக் கற்றார்கள். கடுங்குளிரில் வேட்டைக்குப் போகிறவரின் உயிர் அந்தத் தையலை நம்பியிருந்தது. ஆகவே விரல் நீளக் காலணியிலும் பெரிய காலணியின் வெட்டும் மடிப்பும் அப்படியே இருக்கும். தலைமூடியின் ஓரத்துக்கு, மூச்சின் ஈரம் உறைந்தாலும் எளிதில் உதிர்ந்துவிடும் வுல்வரின் என்ற குளிர்நாட்டு விலங்கின் ரோமத்தைத் தேர்வார்கள். கடல்நாயின் குடலைக் காயவைத்துத் தைத்த மழைச்சட்டை அணிந்த பொம்மை கிடைத்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குடல்பட்டைகளும் அவற்றை இணைக்கும் நுண்ணிய தையலும் ஊடுருவித் தெரியும். முன்பு மானின் தசைநாரில் தைத்தார்கள். இன்று பலரும் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலைப் பயன்படுத்துகிறார்கள். அதைக் கண்டு போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முகமே பேசும் பொம்மைகளும் இல்லாமல் இல்லை. சீவாக் ஊரின் ரோசலி பானியாக், கடல்நாய்த் தோலில் முகம் தைத்த வேடிக்கைப் பொம்மைகளால் பெயர் பெற்றவர். அங்கே தையலோடு குறும்புக்கும் சேர்த்துத்தான் விலை.

மகனிடம் மூன்று விவரங்களைக் கேட்கச் சொல்லுங்கள்: செய்தவர் பெயர், அவருடைய ஊர், பயன்படுத்திய பொருள்கள். வெள்ளிக் கை முத்திரை இருந்தால் அலாஸ்காப் பூர்வகுடிக் கலைஞரின் கைவேலை என்று பொருள். தாய்க் கரடியும் குட்டியும் உள்ள முத்திரை அலாஸ்காவில் தயாரானது என்பதை மட்டுமே சொல்லும். சுற்றுலாக் கடைகளில் இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

தருமபுரி வாசகர் ஒருவர்: வெளிநாட்டிலிருந்து இத்தகைய பொம்மையை அஞ்சலில் வரவழைக்கச் சட்டம் இடம் தருமா?

பதில்: பொம்மை எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. கடல் பாலூட்டிகளைக் காக்க 1972-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், கடலோரப் பூர்வகுடிகள் அவற்றைக் கொண்டு கைவினைப் பொருள் செய்து விற்க விலக்கு அளிக்கிறது. அந்நாட்டுக்குள் வாங்குவது தவறில்லை என்பதாலேயே எல்லை தாண்டி அனுப்பலாம் என்று ஆகிவிடாது. வால்ரஸ், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் உள்ளது. அவ்வுடன்படிக்கையின் பட்டியல்களை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022 திருத்தத்தின் மூலம் ஏற்றிருக்கிறது. தந்தமோ கடல்நாய்த் தோலோ ரோமமோ இருந்தால், இரு நாட்டு விதிகளையும் எழுத்தில் கேட்டறியாமல் பெட்டியில் போடக் கூடாது. மரமுகமும், புல்லும், கஸ்பெக் எனப்படும் பூப்போட்ட துணிச் சட்டையும் கொண்ட பொம்மை நம்மவருக்கு ஏற்றது. ஆனால் அதற்கும் பொருள்களைத் தெளிவாக எழுதிய ரசீது வேண்டும்.

ஓசூர் வாசகி ஒருவர்: அண்ணன் பல ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த ரோம உடைப் பொம்மை ஒன்று எங்களிடம் உள்ளது. ரோமம் உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அடியில் மணல் போன்ற துகள்களோ புழுவின் உரித்த கூடோ தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் ரோமத்தையும் தோலையும் தின்னும் பூச்சிதான் காரணம். பொம்மையைப் பருத்தித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, ஆழ் உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும், அறை வெப்பநிலைக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள். துகள் எதுவும் இல்லையென்றால் தோல் வறண்டிருக்கலாம். அப்போது எண்ணெயோ தோல் மெருகோ தடவ வேண்டாம், கறை படிந்து ரோமம் ஒட்டிக்கொள்ளும். வெயில் விழாத கண்ணாடி அலமாரியில் வைத்து, மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அருகில் வையுங்கள். அந்துருண்டை மட்டும் பொம்மையின் மீது படக் கூடாது.