கடிக்கும் குழந்தையும் கடிகாரமும்

கேள்வி: குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள 12 குழந்தைகளில் இரண்டரை வயதுச் சிறுவன் ஒருவன் மற்றவர்களைக் கடித்துவிடுகிறான். கண்டித்தும், தனியே உட்கார வைத்தும் பயனில்லை. கடிபட்ட குழந்தைகளின் பெற்றோர் அவனை விலக்கச் சொல்கிறார்கள். நாமும் ஒரு முறை கடித்துக் காட்டினால்தான் அவனுக்கு வலி தெரியும் என்கிறார் உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியை. என்ன செய்வது?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கடித்துக் காட்டவே கூடாது. பெரியவர் கடித்தால் அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது பிறருக்கு வலிக்கும் என்பதை அன்று. வலிமை உள்ளவர் கடிக்கலாம் என்பதைத்தான். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த மழலையர், பின்னர் அதே பொம்மையை அதே விதமாக அடித்ததை ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய குழுவினரும் 1961இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அடியாத மாடு படியாது என்று சொல்வோர் இன்றும் உண்டு. குழந்தை மாடு அன்று என்பதே அவர்களுக்கு என் பதில்.

இரண்டரை வயதில் கடிப்பது கெட்ட குணத்தின் அறிகுறி அன்று. அந்த வயதில் ஆசையும் கோபமும் முழு வேகத்தில் வந்துவிடுகின்றன. அவற்றைச் சொல்லத் தேவையான சொற்கள்தாம் இன்னும் வந்து சேரவில்லை. பொங்கி வருவதை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபது வயதுக்கு மேலும் ஆகும் என்னும்போது, இரண்டரை வயதுக்காரனிடம் பொறுமையை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. விளையாட்டுப் பொருளைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வதும் அப்படித்தான். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு குழந்தைகள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருந்தாலும் தனித்தனியாகத்தான் விளையாடுகிறார்கள். கூடி விளையாடுவது வயது ஏற ஏறத்தான் வருகிறது.

ஆகவே அவனைத் திருத்தும் முன், கடி எப்போது நிகழ்கிறது என்று பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு கடிக்கும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இவற்றுள் இரண்டாவதுதான் முக்கியம். பெரும்பாலோர் குறிக்க மறப்பதும் அதைத்தான்.

நான் மழலையர் வகுப்பில் இருந்த காலத்தில் ஒரு சிறுமிக்காக இப்படிக் குறித்து வைத்தோம். ஐந்து நாளில் ஏழு கடிகள். அவற்றில் ஐந்து, உணவுக்கு முன் கை கழுவ வரிசையில் நின்ற கால் மணி நேரத்துக்குள் நிகழ்ந்தவை. வயிற்றில் பசி, பின்னால் நிற்பவன் தள்ளுகிறான், முன்னால் நிற்பவனின் தோளோ சரியாக அவள் வாய் உயரத்தில் இருக்கிறது! நோட்டைப் பார்க்கும் வரை அவளைப் பொல்லாதவள் என்றே நானும் எண்ணியிருந்தேன். மறுநாள் முதல் வரிசையை ஒழித்து, மும்மூன்று பேராகக் கை கழுவ அனுப்பினோம். அவள் முதல் மூவரில் ஒருத்தி. கடி அடியோடு நின்றுவிடவில்லை என்றாலும் அடுத்த வாரம் இரண்டாகக் குறைந்தது.

அப்படியும் கடித்துவிட்டால், முதலில் கடிபட்ட குழந்தையிடம் செல்லுங்கள். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றுங்கள். தோல் கிழிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். கடித்தவனிடம் அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "கடித்தால் வலிக்கும், கடிக்க விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் போதும். நீண்ட அறிவுரை அந்த வயதில் வெறும் ஓசை. அவன் அமைதியான பிறகு, "தள்ளாதே", "எனக்கும் வேண்டும்" போன்ற சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். கடிக்கப் போவது முன்பே முகத்தில் தெரியும். அந்நேரம் நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பெற்றோரிடம் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், இனி என்ன மாற்றம் செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கடித்தவன் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "கடிக்கிற பையன்" என்ற பட்டம் ஒட்டிக்கொண்டால், பழக்கம் போன பிறகும் அது போகாது.

கேள்வி: பொருள்களை எடுத்து வைக்கும் குழந்தைகளுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்து வந்தேன். இப்போது, "டீச்சர், ஸ்டார் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு கட்டையையே தொடுகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: படிப்படியாக நிறுத்தலாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை விரும்பிய மழலையருள் ஒரு பிரிவினருக்கு மட்டும் வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மற்றவர்கள் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் அவர்கள் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. இது குழந்தைகள் ஏற்கெனவே விரும்பிய ஒரு செயலைப் பற்றிய ஆய்வு. எனவே ஸ்டிக்கர் எல்லாமே நஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். கெடுப்பது பேரம்தான். ஸ்டிக்கருக்குப் பதிலாகக் கண்டதைச் சொல்லுங்கள்: "கட்டைகளை எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டாய், இப்போது ஓட இடம் கிடைத்துவிட்டது." பொதுவாக "நல்ல பிள்ளை" என்பதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

கேள்வி: என் மூன்று வயது மகள் மழலையர் பள்ளி வாசலில் தினமும் அழுகிறாள். அவள் பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு முறை நழுவினால், அம்மா எந்த நொடியிலும் மறைந்துவிடுவாள் என்று எண்ணி மறுநாள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். தினமும் ஒரே மாதிரி விடைபெறுங்கள்: ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, "தூங்கி எழுந்ததும் வருவேன்" என்ற ஒரு சொல். மணிக்கணக்கு அவளுக்குத் தெரியாது. தூங்கி எழுவது தெரியும். சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அழுகை ஓய்ந்திருக்கும்.