பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஐந்து வாரமாக இடது புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுளீர் சுளீரென்று இழுக்கிறது. முதுகைவிடக் காலில்தான் வலி அதிகம். சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போயிருக்கிறது. தும்மினால் உயிர் போய் வருகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் முதுகெலும்பின் அடியிலுள்ள எல்5–எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதாக எழுதியிருக்கிறார்கள். ‘ஆஸ்டியோபதிக்குப் போ, விலகின டிஸ்க்கைக் கையாலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள்’ என்கிறார் நண்பர். போகலாமா? அதுவரை வேலைக்குப் போகாமல் படுத்தே இருக்க வேண்டுமா?

பதில்: ஆஸ்டியோபதி என்பது தசைகளையும் மூட்டுகளையும் கையால் தளர்த்தி, அசைத்துத் தரும் சிகிச்சை. போகலாம். ஆனால் டிஸ்க்கை உள்ளே தள்ளுவதற்காகப் போகாதீர்கள். அதை யார் கையாலும் செய்ய முடியாது.

டிஸ்க் என்பது இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. வெளியே பல அடுக்கு நார்வளையம், உள்ளே கூழ் போன்ற பொருள். வளையத்தில் விரிசல் விழுந்தால் கூழ் பின்பக்கமாகப் பிதுங்கும். முதுகுத் தோலிலிருந்து அந்த இடத்துக்குப் போக தசை, தசைநார், எலும்பு என்று எல்லாவற்றையும் தாண்டவேண்டும். எந்த விரலும் அங்கே எட்டாது. இடுப்பைத் திருப்பும்போது ‘டக்’ என்று கேட்கிறதே, அது டிஸ்க் உள்ளே போகும் சத்தமல்ல. முள்ளெலும்புகளின் பின்னாலுள்ள சிறு மூட்டுகளில் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உருவாகும் சத்தம். விரலில் நெட்டி முறித்தால் கேட்பதும் இதேதான்.

நண்பர் சொன்ன வேலையை உடம்பு தானாகவே செய்துகொள்ளும் என்பதுதான் நல்ல செய்தி. பிதுங்கி வெளியே வந்த கூழை உடம்பு அந்நியப் பொருளாகக் கருதி, வெள்ளணுக்களை அனுப்பிக் கரைக்கப் பார்க்கிறது. லேசான பிதுக்கத்தைவிட, கிழிந்து வெளியே வந்துவிட்ட பெரிய துண்டுதான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகிறது. அறிக்கையில் ‘பெரியது’ என்று படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சுருங்க மாதக்கணக்கில் ஆகலாம். வலி அதற்கு முன்பே தணியும். ஏனென்றால் நரம்பைத் துடிக்க வைப்பது அழுத்தம் மட்டுமல்ல, கூழ் கிளப்பிவிடும் அழற்சியும்தான். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் கணிசமாகக் குறைகிறது.

உங்களுக்கு வந்திருக்கும் இந்தக் கால்வலியைச் சியாட்டிகா என்பார்கள். அது நோயின் பெயரல்ல, வலி ஓடும் பாதையின் பெயர். இடுப்பின் 4, 5-ஆம் நரம்பு வேர்களும் (எல்4, எல்5), முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பின் முதல் மூன்று வேர்களும் (எஸ்1 முதல் எஸ்3) சேர்ந்து, உடம்பிலேயே தடிமனான நரம்பாகப் புட்டத்துக்குள் இறங்குகின்றன. எந்த வேர் நசுங்குகிறது என்பதைக் கால் சொல்லிவிடும். புறங்காலும் பெருவிரலும் மரத்தால் எல்5. சுண்டுவிரலும் பாதத்தின் வெளியோரமும் மரத்தால் எஸ்1. உங்கள் ஸ்கேனும் காலும் ஒரே கதையைச் சொல்கின்றன. எல்லோருக்கும் இப்படிப் பொருந்துவதில்லை. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது.

தசை வலு குறைந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனையை இப்போதே செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலால் மட்டும் நின்று, குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள். வலது காலைப்போல முடிந்தால் நிம்மதி. முடியாவிட்டால் ஆஸ்டியோபதி இருக்கட்டும், முதலில் மருத்துவரிடம் போங்கள்.

உட்காருமிடமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமலோ வருவது தெரியாமலோ இருப்பது, மலம் அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களிலும் வலி பரவுவது, பாதம் தொங்கிப்போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர், எலும்பு அடர்த்தி குறைந்தவர் என்றாலும் முதுகில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இனி ஆஸ்டியோபதி. அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874-இல் தொடங்கிவைத்தது. 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் ஊரில் அதற்குப் பள்ளியும் திறந்தார். இன்று அமெரிக்காவில் இதைப் படித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டனில் அவர்கள் கைவழிச் சிகிச்சையாளர்கள், ஆனால் சட்டப்படி பதிவு செய்தவர்கள். சட்டமே இல்லாத நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கேட்பதில் தவறில்லை.

நல்லவர் முதலில் கையை வைக்கமாட்டார். கதை கேட்பார், படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்ப்பார், தசை வலு பார்ப்பார். பிறகு இறுகிய புட்ட, இடுப்புத் தசைகளைத் தளர்த்துவார், மூட்டுகளை மெதுவாக அசைப்பார், தன் கைக்கு எதிராக உங்களைத் தள்ளச்சொல்லித் தசையை இளக்குவார். வேகமாகத் திருப்பி ‘டக்’ என்று எடுக்கும் முறையும் உண்டு. உங்களுக்கு மரமரப்பு இருப்பதால் அது வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பலன்? சாதாரண முதுகுவலிக்குச் சுமாரான நிவாரணம் கிடைப்பதற்குச் சான்று உண்டு. கால்வரை ஓடும் சியாட்டிகாவுக்குச் சான்று மெலிவு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கைச்சிகிச்சையைத் தனியாகத் தராமல் உடற்பயிற்சியோடு சேர்த்தே தரச் சொல்கிறது. என் அனுபவமும் அதுதான். கை தருவது சில நாள் இளைப்பாறல். அந்த நாட்களில் நடந்தால் லாபம், படுத்திருந்தால் வீண். நான்கைந்து முறை போயும் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ‘இருபது முறைக்கு முன்பணம் கட்டுங்கள்’ என்பவரிடம் முதல் நாளே எழுந்து வந்துவிடலாம்.

மூன்று மாதத்தைத் தாண்டியும் வலி அசையாவிட்டால் அறுவையைப் பற்றிப் பேசலாம். நெதர்லாந்தில் 283 பேரிடம் நடத்தி 2007-இல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகப் போனது. ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். எனவே எவ்வளவு நாள் தாங்க முடியும் என்பதை முடிவு செய்யவேண்டியவர் நீங்கள்தான்.

வேலைக்குப் போங்கள். இரண்டு நாளுக்கு மேல் படுக்கையில் கிடப்பதால் பயனில்லை. அரைமணிக்கு ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருங்கள், ஒரு நாளில் பல தடவை பத்துப் பத்து நிமிடம் நடங்கள், இரவில் ஒருக்களித்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். தும்மல் வரும்போது குனியாதீர்கள்: சுவரில் கையூன்றி, முழங்காலை லேசாக மடக்கி, முதுகை நிமிர்த்தியபடி தும்மிப் பாருங்கள். சுளீர் பாதியாகக் குறையலாம்.