சம்பா வயலில் எலி: கிட்டியா, புகையா, விஷமா?

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில், வாய்க்காலை ஒட்டிய 3 ஏக்கரில் சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் இரகத்தை நடவு செய்து 45 நாள் ஆகிறது. நடுவயலில் எலி வெட்டு வட்டம் வட்டமாகத் தெரிகிறது. எலி பிடிப்பவர்களைக் கூப்பிட்டால் வரப்பை வெட்டிப் பாழாக்கிவிடுவார்கள் என்கிறார் பக்கத்து வயல்காரர். அவர் இரண்டு நாளுக்கு முன் விஷ அரிசி வைத்திருக்கிறார். வேறு சிலர் இரவில் மின்கம்பி போடச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: முதலில் மின்கம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீர் நிற்கும் வயலில் மின்சாரம் பாய்ச்சிய கம்பி எலியையும் ஆளையும் பிரித்தறியாது. விடியற்காலையில் மடை பார்க்க வருபவரும், வரப்பில் புல் அறுக்க வருபவரும், சில நேரங்களில் கம்பியைப் போட்டவரே கூட அதில் சிக்கி இறந்திருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். உயிர் போனால் வழக்கு தங்கள் மீதுதான் வரும். ஆகவே அந்த யோசனையை இன்றே விட்டுவிடுங்கள்.

தாங்கள் சொல்லும் அடையாளம் எலி வெட்டுதான். குருத்துப்பூச்சி தாக்கினால் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். எலி வெட்டிய தூரோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். வெட்டிய தாள் பக்கத்திலேயே மிதக்கும். எலி திறந்த இடத்துக்கு அஞ்சும் பிராணியாதலால், வரப்போரம் இரண்டு மூன்று வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய்த்தான் வெட்டும். அதனால் வரப்பில் நின்று பார்க்கும்போது பயிர் பச்சைப்பசேலென்று தெரியும். உள்ளே இறங்கினால்தான் வட்டம் தெரியும். தாங்கள் இறங்கிப் பார்த்தது நல்லதாயிற்று.

காலக்கணக்கு தங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, ஆனால் அதிக நாள் இல்லை. தூர் கட்டும் பருவத்தில் வெட்டுப்பட்ட குத்து, பக்கத்தூர் விட்டு ஓரளவு ஈடு செய்துகொள்ளும். சூல் கட்டிய பிறகு, அதாவது தண்டுக்குள் கதிர் உருவான பிறகு வெட்டினால் அந்தக் கதிர் போனது போனதுதான். தங்கள் இரகம் நீண்ட வயதுடையது என்பதால், சூல் கட்டத் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். டெல்டா வயலில் பெரும் சேதம் செய்யும் கரம்பை எலி, கதிர் வரும் பருவத்தை ஒட்டித்தான் மளமளவென்று பெருகும். அதன் சினைக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு எட்டுக் குட்டி சாதாரணம். இன்று பிடிக்கும் ஒரு பெண் எலி, அறுவடை நேரத்தில் ஒரு கூட்டத்தைப் பிடிப்பதற்குச் சமம். பால் பிடிக்கும்போது நூறு எலி பிடித்துப் பெருமைப்படுவதைவிட, இப்போது இருபது பிடிப்பது மேல் என்பது என் அனுபவம்.

எனவே என் பரிந்துரை, முதலில் வேட்டை என்பதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு எச்சரிக்கை உண்டு. எலி பிடிக்க வருபவர்களில் பலர் பிடித்த எலியைச் சமைத்து உண்பவர்கள். பக்கத்து வயலில் விஷம் வைத்து இரண்டு நாள்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எலிக்கு வரப்பு எல்லை கிடையாது. அங்கே தின்றுவிட்டுத் தங்கள் வளைக்கு வந்து படுத்திருக்கலாம். ஆகவே அவர் வைத்த விஷம் எது என்று கேட்டு அறிந்து, மிச்ச இரையை எடுத்துப் புதைக்கச் சொல்லுங்கள். வேட்டைக்கு வருபவர்களிடமும் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்தத் தடவை பிடிபடும் எலி உண்ணத் தக்கதல்ல என்று சொல்லி, அதற்கு ஈடாகக் கூலியைச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதே முறை. விஷம் வைத்த வயலுக்கு ஆளை அழைத்து, விஷயத்தைச் சொல்லாமல் விடுவது எந்த வகையிலும் நியாயமாகாது.

இனி வேட்டை முறை. மாலையில் வரப்பு, வாய்க்கால் கரை, களத்துமேடு எல்லாவற்றிலும் உள்ள வளை வாய்களைச் சேற்றால் அடைத்துவிடுங்கள். காலையில் எவை திறந்திருக்கின்றனவோ, எவற்றின் வாயில் பச்சை மண் பொலபொலவென்று குவிந்திருக்கிறதோ, அவற்றில்தான் எலி இருக்கிறது. மற்றவற்றைத் தோண்டுவது வீண்கூலி. வரப்பு பாழாகும் என்று பக்கத்து வயல்காரர் அஞ்சுவது பாதி உண்மை. கண்ட துளையையெல்லாம் வெட்டினால் பாழாகத்தான் செய்யும். அடைத்துப் பார்த்துக் குறி வைத்த வளைகளை மட்டும் வெட்டினால், அரை நாளில் மண்ணை மிதித்துச் சரி செய்துவிடலாம். எலி உள்ளேயே குடைந்த வரப்பு எப்படியும் ஒரு மழையில் உடையப் போவதுதான்.

தேர்ந்த ஆட்கள் உடனே வெட்டத் தொடங்குவதில்லை. அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலை அடைத்துத் தீ மூட்டி, பானை வாயை வளை வாயில் பொருத்தி ஊதுவார்கள். சற்று நேரத்தில் ஆறேழு அடி தள்ளி, யாரும் கவனிக்காத புல்லுக்குள்ளிருந்து புகை நூலாகக் கிளம்பும். அதுதான் எலி தப்பிக்க வைத்திருக்கும் மறைவாய். அங்கே வலையுடன் ஒருவர் உட்கார்ந்துவிட வேண்டும். வாயால் ஊதுபவரின் உதடும் நெஞ்சும் கெட்டுப்போகும் என்பதால், கைப்பிடியைச் சுற்றிக் காற்றடிக்கும் எஃகுப் புகைக்கருவியை, எலி பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களுக்காகவே உருவாக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிடைத்தால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். கரம்பை எலி பெரும்பாலும் தனியாக இருக்கும். குட்டியோடு இருந்தால் தாய் எலி என்று பொருள். வளைக்குள் யாரும் வெறுங்கையை விட வேண்டாம். எலி இருந்த வளையில் நல்ல பாம்பு இருப்பது புதிதல்ல. சாரைப்பாம்பு வந்தால் அடிக்காமல் விடுங்கள். அது கூலி கேட்காத வேட்டைக்காரன்.

தொடர்மழை பெய்து வயலில் நீர் ஏறியிருக்கும் நாள்கள் வேட்டைக்கு மிகவும் ஏற்றவை. நடுவயலில் தங்க இடமில்லாமல் எலியெல்லாம் வரப்புக்கும் மேட்டுக்கும் வந்து ஒண்டும். நீர் வடிவதற்குள் பிடிப்பவர்களை அழைத்துவிடுங்கள்.

வேட்டை முடிந்த அன்று மாலையே கிட்டி வையுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்று வழங்கும் இந்த மூங்கில் வில்பொறி, எக்டேருக்கு 100, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 40 வைக்க வேண்டும் என்பது பரிந்துரை. தங்கள் 3 ஏக்கருக்கு 120 ஆகும். நெற்பொரியை இரையாகக் கட்டி, எலி ஓடிய தடத்தின் மீது, நீரில் நனையாதபடி சிறு சேற்றுமேட்டில் வைக்க வேண்டும். எலி வராத இடத்தில் எத்தனை கிட்டி வைத்தாலும் பயனில்லை. வெட்டிய வட்டத்துக்கும் வளைக்கும் இடையே தாள் சாய்ந்து கிடக்கும் வழிதான் இடம். விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காகமும் நாயும் கலைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டு நிற்காவிட்டால்தான் விஷத்தை நினைக்க வேண்டும். துத்தநாக பாஸ்பைடு என்றால் 96 பங்கு பொரி அல்லது நொறுக்கரிசி, 2 பங்கு சமையல் எண்ணெய், 2 பங்கு மருந்து என்ற கணக்கில் குச்சியால் கலக்க வேண்டும். கையால் தொடவோ, அடுக்களைப் பாத்திரத்தைப் பயன்படுத்தவோ கூடாது. அதற்கு முன் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத இரையை வைத்துப் பழக்காவிட்டால், எலி கொஞ்சம் கடித்து, நோய்ப்பட்டு, பிழைத்து, பிறகு அந்த இரையைத் தொடவே தொடாது. இதனால் ஒரு பருவத்தில் ஒரு முறைக்கு மேல் இது பலிக்காது. இந்த விஷத்தை முறிக்கும் மருந்து கிடையாது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். புரோமடையோலோன் என்ற மற்றோர் எலி விஷத்தின் 0.005 சதவீத வில்லை மெதுவாகக் கொல்வதால் எலிக்குச் சந்தேகம் எழாது. ஆனால் அதைத் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் பாதிக்கப்படும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் தாங்களாக வளையில் போடாதீர்கள். பயிற்சி பெற்ற ஆட்களுக்கு மட்டும் உரிய நச்சு அது.

விஷம் வைக்காத பட்சத்தில், வயலுக்குள் பறவை தாங்கிகளை நட்டு வையுங்கள். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினாலும் போதும். பயிர் மட்டத்துக்கு மேல் ஓரடி தெரிய வேண்டும். இரவில் கூகை வந்து உட்காரும். தாங்கியின் அடியில் மயிரும் எலும்புமாக உருண்டைகள் கிடந்தால், அது எலி தின்று கக்கியது என்று தெரிந்துகொள்ளலாம்.

தங்கள் 3 ஏக்கரில் மட்டும் வேட்டையாடினால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி சில நாளில் குடிவந்துவிடும். ஆகவே அந்த வாய்க்கால் பாயும் வயல்காரர்கள் அனைவரும் கூடி, ஒரே நாளில் ஆளை அழையுங்கள். கூலியை ஏக்கர் கணக்கில் பகிர்ந்துகொள்ளலாம். விஷ அரிசி வைத்தவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். எலியைக் கையுறையோடு கையாள வேண்டும்; காலில் புண் உள்ளவர்கள் அன்று சேற்றில் இறங்க வேண்டாம். அடுத்த பத்துப் பதினைந்து நாளில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எட்டாம் நாள் மாலையில் எல்லா வளை வாய்களையும் மறுபடி அடைத்துப் பாருங்கள். மறுநாள் ஏக்கருக்கு ஒன்றிரண்டு மட்டுமே திறந்திருந்தால் கிட்டியே பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் திறந்திருந்தால், சூல் கட்டுவதற்குள் இன்னொரு முறை எலி பிடிப்பவர்களை அழைத்துவிடுங்கள்.